மேரி செலஸ்ட்: 1872 மர்மம் இருக்கட்டும், 1885ல் அதை உடைத்தது யார்?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

1872ல் நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த கப்பல் மேரி செலஸ்ட். அந்தப் பெயரை யூடியூபில் தேடிப் பாருங்கள். தமிழிலேயே வரிசைகட்டி வரும்: பேய்க்கப்பல், ராட்சதக் கணவாய், பெர்முடா முக்கோணம். மேசையில் ஆவி பறக்கும் தேநீர் இருந்ததாம், பாதி கடித்த ரொட்டி கிடந்ததாம். கப்பலில் ஏறிப் பார்த்தவர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த சாட்சியத்தில் இதெல்லாம் கிடையாது. சமையலறைச் சாமான்கள் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன, சமைத்ததாகவோ சமைத்துக்கொண்டிருந்ததாகவோ எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். பெர்முடாவும் பொருந்தாது. கப்பல் கிடைத்த இடம் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகல் கரைக்கும் நடுவில்.

நான் பேச வந்தது வேறு. ஆளில்லாமல் மிதந்தது அந்தக் கப்பலின் கதையில் பாதி வழிதான். அதன் பிறகும் 12 வருடம் ஓடியது. கடைசியில் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, ஒரு கேப்டன் அதைப் பாறையில் ஏற்றி உடைத்தார். குற்றம் என்று ஒன்று உண்மையில் நடந்தது அங்கேதான். அதைப் பற்றி ஒரு வீடியோ கிடையாது.

முதலில் பிறப்பு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஃபண்டி வளைகுடாக் கரையில், ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஜோஷுவா டூயிஸ் என்பவருடைய தளத்தில் கட்டி, 1861 மே 18ல் தண்ணீரில் இறக்கினார்கள். அப்போது பெயர் அமேசான். 99 அடி நீளம், 198 டன், இரண்டு பாய்மரம், பிரிகன்டீன் வகை. டூயிஸும் இன்னும் எட்டுப் பேரும் பங்காளிகள். முதல் பயணம் லண்டனுக்கு மரம் ஏற்றிப் போவது. சரக்கு ஏற்றும்போதே கேப்டன் ராபர்ட் மெக்லெலனுக்கு உடம்பு முடியாமல் போய், கப்பலைத் திருப்பிக்கொண்டு வந்து, ஜூன் 19ல் இறந்தே போனார். அடுத்து வந்தவர் மேய்ன் மாநிலக் கரையில் மீன்பிடிச் சாதனங்கள்மேல் மோதினார். லண்டனிலிருந்து கிளம்பியபோது ஆங்கிலக் கால்வாயில் இன்னொரு கப்பலை இடித்து மூழ்கடித்தார்.

1867 அக்டோபரில் கேப் பிரெட்டன் தீவில் புயல் கரையில் தூக்கிப் போட்டது. அடி இவ்வளவு பலம் என்றதும் சொந்தக்காரர்கள் கை கழுவிவிட்டார்கள். ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் என்ற நியூயார்க்காரர் 1,750 டாலருக்கு வாங்கி, 8,825 டாலர் செலவழித்துச் சரிசெய்து, 1868ல் அமெரிக்கக் கப்பலாகப் பதிந்து மேரி செலஸ்ட் என்று பெயர் மாற்றினார். கடன்காரர்கள் அடுத்த வருடமே ஜப்தி செய்துவிட்டார்கள்.

குட்டிப்புலி

அண்ணே, இது ராசியில்லாத கப்பல்னு அப்பவே தெரிஞ்சிருக்கே! பெயர் மாத்தினா ஆகாதுன்னு மாலுமிங்க சொல்வாங்கல்ல?

சந்தேகசாமி

தம்பி, அந்தக் காலத்தில் எந்தச் சரக்குக் கப்பலின் கணக்கைப் புரட்டினாலும் இப்படித்தான் இருக்கும். கேப்டன் சாவது, கரைதட்டுவது, ஏலம் போவது எல்லாம் அன்றாடம். இந்தக் கப்பல் பிரபலமானதால் நாம் உட்கார்ந்து எண்ணுகிறோம். நடுவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் வருடக்கணக்கில் ஒரு வம்பும் இல்லாமல் போய் வந்திருக்கிறது. அதை எந்த வீடியோக்காரனும் எண்ணமாட்டான்.

மலர்விழி க

1872ஐ மொத்தமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள் சார். தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கமாவது சொல்லுங்கள். கேப்டனுடன் அவர் மனைவியும் குழந்தையும் போனார்கள் என்பது உண்மையா?

உப்புக்காற்று

உண்மைதான் மேடம். கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், மாசசூசெட்ஸ்காரர், மதுவைத் தொடாதவர், பக்திமான். கப்பலில் அவருக்கும் பங்கு உண்டு, 12ல் 4. மனைவி சாரா, இரண்டு வயது மகள் சோஃபியா. மூத்த பையன் ஆர்தர் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சாரா தன் தையல் மெஷினையும் ஒரு சிறிய ஆர்மோனியத்தையும் கேபினுக்குள் கொண்டுவந்திருந்தார். மாலுமிகளையும் சேர்த்து மொத்தம் பத்துப் பேர்.

1872 தொடக்கத்தில்தான் 10,000 டாலர் செலவில் கப்பலைப் பெரிதாக்கியிருந்தார்கள். 282 டன் ஆனது. நியூயார்க்கில் 1,701 பீப்பாய் எரிசாராயம் ஏற்றினார்கள், ஜெனோவாவுக்கு. நவம்பர் 5ல் கிளம்பி, காற்று சரியில்லை என்று வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்து, 7ஆம் தேதி கடலுக்குள் போனார்கள்.

டிசம்பர் 4ல் டேய் கிராஷியா என்ற கப்பல் இதைப் பார்க்கிறது. அதன் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) ஆலிவர் டெவோ படகில் போய் ஏறினார். பாய்கள் கொஞ்சம் விரித்தும் கொஞ்சம் கிழிந்தும் கிடந்தன. முன்பக்க ஹேட்ச்சும் (டெக்கிலிருந்து உள்ளே இறங்கும் வாய்) பின்பக்கச் சிறு ஹேட்ச்சும் திறந்திருந்தன, நடு ஹேட்ச் இறுக்க மூடியிருந்தது. ஒரே படகு, அதைக் காணோம். திசைகாட்டிப் பெட்டி நகர்ந்து கண்ணாடி உடைந்திருந்தது. ஹோல்டில், அதாவது சரக்கறையில், மூன்றரை அடித் தண்ணீர். காலமானி (கடல் பயணத்துக்கான துல்லியக் கடிகாரம்), செக்ஸ்டண்ட் (சூரியனைப் பார்த்து இடம் கணிக்கும் கருவி), கப்பல் காகிதங்கள் இல்லை. சிலேட்டில் கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை 8 மணி, சான்டா மரியா தீவின் கிழக்கு முனை 6 மைல் தூரத்தில். அதிலிருந்து ஒன்பது நாளில் ஏறக்குறைய 400 கடல் மைல் தானாகவே வந்திருக்கிறது. மாலுமிகளின் பைகளும் மழைக்கோட்டும் அப்படியே இருந்தன.

அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பத்துப் பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

பழைய மேட்

வணக்கம். நான் சரக்குக் கப்பல்களில் சீஃப் மேட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு முக்கியமாகப் படுவது டெவோ டெக்கில் பார்த்த ஒரு பொருள்: சவுண்டிங் ராடு. பம்ப் பக்கத்தில் கிடந்தது. அதோடு, இரண்டு பம்புகளில் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

எங்கள் காலத்திலும் பில்ஜ், அதாவது கப்பலின் அடியில் தேங்கும் தண்ணீர், எவ்வளவு என்று பார்க்க அதே வேலைதான். கம்பியில் சாக்பீஸைத் தேய்த்து, கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இறக்குவோம். மேலே இழுத்தால் தண்ணீர் தொட்ட இடம்வரை வெள்ளை அழிந்திருக்கும். கப்பல் ஆடிக்கொண்டிருந்தால், குழாய்க்குள் ஈரம் வழிந்தால், மூன்றடி ஐந்தடியாகத் தெரியும். நல்ல வெயிலில் துறைமுகத்தில் நிற்கும்போதே இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கணக்கு வரும்.

இப்போது பிரிக்ஸ் இடத்தில் நின்று பாருங்கள். ஹோல்டு முழுக்கப் பீப்பாய், உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பம்ப் அடைத்துக்கொண்டது. முந்தின பயணத்தில் நிலக்கரி ஏற்றியிருந்தார்கள், அப்புறம் தச்சுவேலை நடந்தது. கரித்தூளும் மரச்சீவலும் பில்ஜில் இறங்கினால் பம்ப் தாங்காது. நாள்கணக்காக மோசமான வானிலை. காலமானியும் தப்பாக ஓடியிருக்கலாம், அதனால் கரை எதிர்பார்த்த நாளுக்கு மூன்று நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது என்று ஆனி மெக்ரெகர் என்பவர் ஆராய்ந்து சொல்கிறார். இப்போது எதிரே தீவு தெரிகிறது. இரண்டு வயதுக் குழந்தை கப்பலில். நானாக இருந்தாலும் படகை இறக்கியிருப்பேன்.

டெவோவும் கிட்டத்தட்ட இதையேதான் பிறகு ஜிப்ரால்டரில் நடந்த விசாரணையில் சொன்னார்: அளவைப் பார்த்துப் பயந்து இறங்கியிருப்பார்கள் என்று.

குட்டிப்புலி

சார், சாராய ஆவி வெடிச்சதுன்னு ஒரு தியரி இருக்கே? லண்டன்ல ஒரு புரொஃபசர் மாடல் செஞ்சு காட்டினாரே?

சந்தேகசாமி

ஆண்ட்ரியா செல்லா, யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன், 2006. ஹோல்டு மாதிரி ஒன்று செய்து, பீப்பாய்க்குப் பதில் காகிதக் கட்டிகளை அடுக்கி, பியூட்டேன் வாயுவைப் பற்றவைத்தார். பெரிய நெருப்பு குபீரென்று எழுந்து அடங்கியது, காகிதம் கொஞ்சம்கூடக் கருகவில்லை. பார்க்க அருமையாகத்தான் இருக்கும். ஆனால் அது நடக்க முடியும் என்றுதான் காட்டுகிறது, நடந்தது என்று அல்ல. நடு ஹேட்ச் பூட்டினது பூட்டினபடி இருந்ததே, அவ்வளவு அழுத்தம் எழுந்தால் முதலில் பறக்க வேண்டியது அதன் மூடி அல்லவா?

பழைய மேட்

வெடிக்கவே வேண்டாம் சாமி. ஜெனோவாவில் இறக்கும்போது ஒன்பது பீப்பாய் காலி. அந்த ஒன்பதும் சிவப்பு ஓக் மரம், மற்றவை வெள்ளை ஓக். சிவப்பு ஓக் நுண்துளை உள்ளது, சாராயம் கசியும். குளிர்ந்த நியூயார்க்கில் ஏற்றிய சரக்கு, அசோர்ஸ் பக்கம் வந்ததும் வெப்பம் ஏறும். ஹேட்ச்சைத் திறந்ததும் குப்பென்று ஆவி அடித்தால் போதும், எந்தக் கேப்டனும் "எல்லாரும் படகில் ஏறுங்கள், காற்றாடட்டும்" என்றுதான் சொல்வான். படகைப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபடவிட்டிருப்பார்கள். பாய் ஏற்றும் பெரிய கயிறு ஒன்று அறுந்து பக்கவாட்டில் தொங்கியது என்று சாட்சியம் இருக்கிறது. காற்று திடீரென்று பலத்தால், பாய் விரித்த கப்பல் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும். துடுப்புப் போட்டுப் பிடிக்க முடியாது.

சந்தேகசாமி

ஆவி என்றால் தண்ணீர் பயம் வேண்டாம், தண்ணீர் பயம் என்றால் ஆவி வேண்டாம். நீங்கள் இரண்டையும் ஒரே படகில் ஏற்றுகிறீர்கள்.

பழைய மேட்

கடலில் தொல்லை ஒவ்வொன்றாகத் தேதி குறித்துக்கொண்டு வராது.

தாவாக்காரன்

நடுவில் நுழைகிறேன். எனக்கு கடல் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கிற வேலை, அதனால் எனக்குப் பிடித்த பகுதி ஜிப்ரால்டர் விசாரணை. மர்மத்தை உற்பத்தி செய்ததே அந்த விசாரணைதான் என்பது என் கட்சி.

டேய் கிராஷியாவின் ஆட்கள் எட்டே பேர். அதில் டெவோவோடு இரண்டு பேர் மட்டும் மேரி செலஸ்ட்டைச் செலுத்திக்கொண்டு 600 மைல் வந்தார்கள். டிசம்பர் 13ல் ஜிப்ரால்டர் சேர்ந்ததும் மீட்புப் பரிசு கேட்டார்கள், நியாயம்தான். அங்கே அட்டர்னி ஜெனரல் ஃப்ரெடெரிக் சாலி ஃபிளட். அவருக்கு முதல் நாளிலிருந்தே கொலை வாடை. மாலுமிகள் சரக்குச் சாராயத்தைக் குடித்து வெறியேறி கேப்டன் குடும்பத்தை வெட்டிவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். அந்தச் சாராயம் வாயில் வைக்க லாயக்கில்லாதது. கேப்டன் கட்டிலுக்கடியில் இருந்த வாளில் ரத்தக்கறை என்றார். சோதித்ததில் ரத்தம் இல்லை. அணியத்தில் கோடரி வெட்டு என்றார். அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் ஷுஃபெல்ட் பார்த்துவிட்டு, மனிதன் வெட்டியது அல்ல, கடல் செய்த வேலை என்று எழுதிக் கொடுத்தார்.

ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. 1873 ஏப்ரலில் கொடுத்த பரிசு 1,700 பவுண்டு, கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கைவிடப்பட்ட கப்பலை மூன்று பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்த்ததற்கு இது ரொம்பக் குறைவு. பாதி வரைகூடக் கொடுத்த காலம் அது. குற்றம் செய்தாய் என்று சொல்லாமலே தண்டித்தாயிற்று. பிறகு 1884ல், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைக்கப்போகும் கானன் டாயில் இதை வைத்து ஒரு கற்பனைக் கதை எழுத, ஜனங்கள் அதையும் சேர்த்து வரலாறாக்கிவிட்டார்கள்.

மலர்விழி க

அந்த அட்டர்னி ஜெனரல் இன்று இருந்தால் தனியாகச் சேனல் ஆரம்பித்திருப்பார் 😄

சரி சார், இப்போது உங்கள் 1885க்கு வாருங்கள்.

உப்புக்காற்று

வருகிறேன். 1874ல் பங்காளிகள் பெரிய நஷ்டத்துக்கு விற்றுத் தலைமுழுகினார்கள். அதன்பின் மேற்கிந்தியத் தீவுகள், இந்தியப் பெருங்கடல் என்று ஓடி, ஓடின இடமெல்லாம் நஷ்டம். 1879ல் எட்கர் டட்ஹில் என்ற கேப்டன் நோயில் விழுந்து செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். 1880ல் பாஸ்டன் கூட்டாளிகள் சிலர் வாங்கினார்கள். கப்பலுக்கு 20 வயதாகிக்கொண்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போகிற காலம். சின்ன மரக் கப்பலுக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

1884ன் இறுதியில் கில்மன் பார்க்கர் என்பவர் கேப்டனாக வருகிறார். பாஸ்டன் சரக்கு அனுப்பும் வியாபாரிகள் சிலரோடு சேர்ந்து ஒரு திட்டம். கப்பல் நிறையக் குப்பையை ஏற்ற வேண்டியது, காகிதத்தில் உயர்ந்த சரக்கு என்று எழுத வேண்டியது, 30,000 டாலருக்கு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியது. டிசம்பர் 16ல் ஹைட்டியின் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குக் கிளம்பினார்கள்.

1885 ஜனவரி 3. ஹைட்டிக்கும் கோனாவ் தீவுக்கும் நடுவே ரோஷெலுவா என்ற பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. வரைபடத்தில் தெளிவாகக் குறித்திருந்த பாறை, அந்தப் பக்கம் போகிற எல்லாக் கேப்டனுக்கும் தெரிந்தது. பார்க்கர் நேரே அதன் மேல் ஏற்றினார். அடிப்பகுதி கிழிந்தது. ஒருவர் உயிரும் போகவில்லை, எல்லாரும் படகில் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய்விட்டார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் தப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். மிச்சச் சரக்கை அங்கிருந்த அமெரிக்கத் தூதரிடம் 500 டாலருக்கு விற்றார். தூதர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார், விலை போகாத சாமான். கத்தி, கரண்டி என்று எழுதியிருந்த பெட்டிக்குள் நாய்க்கழுத்துப் பட்டை.

தாவாக்காரன்

எங்கள் தொழிலில் இது இன்றைக்கும் நடக்கிற கதைதான். திருடன் மாட்டுவது பெரிய திருட்டில் அல்ல, அதற்குமேல் ஆசைப்பட்ட சில்லறையில். 30,000 வரப்போகிறது, எதற்கு இந்த 500? அதுவும் சொந்த நாட்டு அரசாங்க அதிகாரியிடம்! பார்க்கரைக் காட்டிக்கொடுத்த முதல் சாட்சியை அவரே காசு வாங்கிக்கொண்டு உண்டாக்கியிருக்கிறார்.

குட்டிப்புலி

தண்டனை கிடைச்சுதா இல்லையா?

உப்புக்காற்று

இதுதான் வேடிக்கை. அமெரிக்கச் சட்டத்தில் இன்சூரன்ஸ் மோசடி ஒரு வழக்கு. கப்பலை வேண்டுமென்றே அழித்தது தனி வழக்கு, அதற்கு மரண தண்டனை. பாஸ்டனில் 1885 ஜூலையில் மோசடி வழக்கை முதலில் எடுத்தார்கள். ஆகஸ்ட் 15ல் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கே குற்றவாளி என்று சொன்னால் அடுத்த வழக்கில் ஆளைத் தூக்கில் போட வழிசெய்தது போலாகுமே என்று சில ஜூரிகள் தயங்கினார்கள். மறு விசாரணை என்றால் செலவு. அதனால் நீதிபதி ஒரு சமரசம் செய்துவைத்தார்: கிளெய்மை வாபஸ் வாங்க வேண்டும், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது வழக்கு ஒத்திவைப்பு, பார்க்கர் வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்து என்ன, பேர் கெட்ட கேப்டனுக்கு எவன் கப்பல் கொடுப்பான்? மூன்றே மாதத்தில் வறுமையில் செத்தார். கூட மாட்டியவர்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தது, இன்னொருவர் தற்கொலை செய்துகொண்டார்.

சந்தேகசாமி

பார்த்தீர்களா, இதையும் "கப்பலின் சாபம்" என்று முடிப்பார்கள். மோசடிக்காரன் சோற்றுக்கு இல்லாமல் சாவதற்கு சாபம் எதற்கு?

ஆனால் உப்புக்காற்று ஐயா சொல்லும் ஒன்றை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1872ல் குற்றம் இல்லை, 1885ல்தான் குற்றம் என்று கோடு கிழிக்கிறீர்கள். 1872ல் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்பது வரை சரி. இல்லவே இல்லை என்று சொல்ல அங்கே இருந்த பத்துப் பேரில் ஒருவராவது வர வேண்டும்.

உப்புக்காற்று

கொலைக்கு ஒரு காரணமாவது வேண்டாமா சாமி? சரக்கு அப்படியே, துணிமணி அப்படியே. கலகம் செய்தவன் ஒரே ஒரு சின்னப் படகில் நடுக்கடலில் இறங்கி எங்கே போவான்? கப்பலை வைத்துக்கொண்டு அல்லவா போவான்.

பழைய மேட்

அதோடு, மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் இறங்கினார்கள் என்றால் சீக்கிரம் திரும்பி ஏறும் எண்ணம் இருந்திருக்கிறது. செக்ஸ்டண்டையும் காகிதத்தையும் எடுத்தது கேப்டனின் பழக்கம். படகில் இறங்கும்போது கை தானாக அதற்குத்தான் போகும், எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

மலர்விழி க

உடைந்த கப்பல் இன்னும் அங்கேயே இருக்கிறதா? கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எங்கேயோ படித்தேன்.

உப்புக்காற்று

2001ல் ஒரு குழு ரோஷெலுவாவில் சிதைவைப் பார்த்ததாக அறிவித்தது, எழுத்தாளர் கிளைவ் கஸ்லரின் தலைமையில். பேப்பரிலெல்லாம் வந்தது. பிறகு அந்த மரத்துண்டுகளின் வளையங்களை எண்ணிப் பார்த்த ஸ்காட் செயின்ட் ஜார்ஜ் என்ற ஆய்வாளர், அந்த மரங்கள் 1890களிலும் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தவை என்று சொன்னார். கப்பல் உடைந்ததோ 1885ல்.

குட்டிப்புலி

அப்போ அது வேற கப்பல். அசல் எங்கே சார்? மரம் மொத்தமும் மட்கியிருக்குமா?

பழைய மேட்

வெதுவெதுப்பான கடலில் திறந்து கிடக்கும் மரத்தைக் கப்பல் புழு அரித்துத் தள்ளிவிடும் தம்பி, சில வருடம் போதும். மணலுக்குள் புதைந்த பாகம்தான் தப்பும். நிற்கக்கூடியது செம்புத் தகடு, ஆணி, நங்கூரம், அடியில் போட்ட பாரக்கல். ஆனால் அந்தத் திட்டில் ஏறி உடைந்த கப்பல் இது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே. செம்பு ஆணி கிடைத்தாலும் எந்தக் கப்பலின் ஆணி என்ற சண்டை மிச்சம் இருக்கும்.